ஊறுகாய்ப்புல்: வறட்சியில் மாட்டுக்குச் சாப்பாடு தரும் பற்றீரியாக்கள்

2021 ஒக்டோபரில் இறக்குமதிப் பால்மாவுக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது, ஒரு கிலோ பக்கற்றின் விலை ஒரேயடியாக 250 ரூபாவால் கூடி 1195 ரூபாவானது. ஆறு மாதம் போவதற்குள், 2022 மார்ச்சில், 400 கிராம் பக்கற் 790 ரூபாவுக்கு வந்துவிட்டது. அந்த விலைக்கும் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. நான் இருக்கும் வெள்ளவத்தையில் ஆளுக்கு ஒரு பக்கற் என்றார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் உறவினர்கள், வேறு சாமான்களும் வாங்கினால்தான் பால்மா தருவோம் என்று ஒரு கடையில் சொன்னதாகக் கோபப்பட்டார்கள். துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் கிடக்கின்றன, விடுவிக்க டொலர் இல்லை என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தத் துறைமுகம் நடந்து போகும் தூரம்தான்.

அப்போது வீட்டுக்கு வீடு கேட்கப்பட்ட கேள்வி, இந்த நாட்டில் மாடே இல்லையா என்பது. இருக்கிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இருக்கின்றன, எருமைகள் வேறு. இருந்தும் நாம் குடிக்கும் பாலில் பாதிக்கும் மேற்பட்டது மாவாகக் கப்பலில் வருகிறது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இனம் சரியில்லை, பண்ணையாளருக்குக் கொடுக்கும் விலை போதாது, பால் சேகரிக்கும் குளிரூட்டி நிலையங்கள் போதாது, சனமும் மாவுக்குப் பழகிவிட்டது என்பார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால், அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் உண்டு. வருடத்தில் நான்கைந்து மாதம் நம்முடைய மாடுகளுக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லை. மற்ற மாதங்களில் மிஞ்சும் புல்லை அந்த மாதங்களுக்கு எடுத்துவைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். அப்படிப் பதப்படுத்திய தீவனத்தைச் சைலேஜ் என்கிறார்கள். தமிழில் ஊறுகாய்ப்புல் என்றும் சொல்வதுண்டு, பொருத்தமான பெயர்தான்.

வடக்கிலும் கிழக்கிலும் மழை என்பது பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். அந்த மாதங்களில் வீதியோரம், குளக்கரை, வெறுங்காணி என்று எல்லா இடமும் கினிப்புல் ஆளுயரத்துக்கு நிற்கும். தின்று முடிக்க மாடு போதாது. மே முதல் செப்டெம்பர் வரை அதே இடங்களில் காய்ந்த தண்டுதான் மிஞ்சும். வைக்கோல் இருக்கிறதே என்று கேட்கலாம். வைக்கோல் வயிற்றை நிரப்பும். அதில் புரதம் நூற்றுக்கு நான்கு வீதம் அளவில்தான் இருக்கிறது, பால் சுரக்க அது போதாது. வைக்கோலை யூரியாக் கரைசல் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடிவைத்து மெதுப்பாக்கும் முறை 1980களிலேயே இலங்கையில் ஆராயப்பட்டுப் பண்ணையாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது அந்த யூரியாவும் இல்லாமல் போனது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

புல்லை வெயிலில் காயவைத்து உலர்புல்லாகச் சேமிக்கலாமே என்றால், நமக்குப் புல் மிகுந்திருக்கும் காலமே மழைக்காலம். காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரத்தோடேயே சேமிக்கக்கூடிய முறைதான் நமக்கு வேண்டும்.

தோசை மாவுக்குள் நடப்பது

வெள்ளவத்தையில் விடியற்காலையில் தோசைக்கல் சூடேறும் கடைகளைக் கடந்து போகிறவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். உழுந்தும் அரிசியும் அரைத்து வைத்த மா இரவோடிரவாகப் பொங்கிப் புளிக்கிறது. உழுந்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பற்றீரியாக்கள் மாவிலுள்ள சீனியைத் தின்று லக்டிக் அமிலத்தையும் வாயுவையும் வெளிவிடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைப் பொங்க வைக்கிறது. பால் தயிராவதும் இந்த லக்டிக் அமிலப் பற்றீரியாக்களின் வேலைதான்.

புல்லிலும் சோள இலையிலும் இதே குடும்பத்துப் பற்றீரியாக்கள் இருக்கின்றன. பச்சைப் புல்லைச் சிறுசிறு துண்டாக வெட்டி, காற்றே இல்லாதபடி இறுக்கி அடைத்து மூடிவிட்டால் அவை வேலையைத் தொடங்கும். முதல் நாள், வெட்டுப்பட்ட புல் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அது சுவாசிக்கும், உள்ளே மிஞ்சியிருந்த ஒட்சிசனைச் செலவழிக்கும், கொஞ்சம் சூடாகும். ஒட்சிசன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழக்கூடியவை மட்டும் மிஞ்சும். அப்போது ஒரு போட்டி தொடங்குகிறது. புல்லோடு வந்த குடல்வகைப் பற்றீரியாக்கள், மண்ணோடு வந்த குளோஸ்ட்ரிடியா, ஈஸ்ட், லக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் எல்லாம் அதே சீனிக்காக அடிபடும். லக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் வேகமாகப் பெருகினால், அவை விடும் அமிலத்திலேயே மற்றவை அடங்கிப்போகும். ஒரு கிராம் புல்லில் சில ஆயிரமோ ஒரு இலட்சமோ இருந்தவை சில நாட்களில் நூறு கோடியை எட்டக்கூடும்.

அமிலத்தின் அளவை பீ.எச் பெறுமானத்தால் சொல்வார்கள். பச்சைப் புல்லின் பீ.எச் 6 அளவில் இருக்கும். நன்றாக நொதித்த சைலேஜில் அது 4 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வந்துவிடும். இரண்டு எண்தானே என்று நினைக்கக்கூடாது. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு, ஆகவே இது நூறு மடங்கு அமிலம். அந்த நிலையில் லக்டிக் அமிலப் பற்றீரியாக்களே வேலை செய்ய முடியாமல் நின்றுவிடும். அதன் பிறகு, காற்றுப் புகாத வரை, மாதக்கணக்கில் புல் அப்படியே இருக்கும்.

தோசை மாவுக்கும் புல்லுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. தோசைக்குக் குமிழி வேண்டும். உழுந்து மாவில் பெரும்பாலும் வேலை செய்வது லியூகோனொஸ்டொக் என்ற வகை. அது சீனியின் ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டாக்கிப் பறக்கவிடும். புல்லில் குமிழி என்பது நட்டம். அங்கே பறக்கும் வாயு, மாடு தின்றிருக்க வேண்டிய சாப்பாடு. அதனால் சைலேஜுக்குப் பிடித்தமானது, முன்பு லக்டோபசிலஸ் பிளான்டாரம் என்று அழைக்கப்பட்ட வகை. 2020இல் அதன் பெயரை லக்டிப்ளான்டிபசிலஸ் பிளான்டாரம் என்று நீட்டிவிட்டார்கள். ஒரு குளுக்கோசு மூலக்கூறை இரண்டு லக்டிக் அமில மூலக்கூறாகப் பிரிப்பதோடு அதன் வேலை முடிகிறது. எடையில் எதுவும் போவதில்லை, சக்தியிலும் மிகச் சிறிய பங்குதான் போகிறது. அதே சீனி குளோஸ்ட்ரிடியாவின் கையில் சிக்கினால் பாதி எடை வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது பியூட்டிரிக் அமிலம், ஊசிப்போன நெய்யின் நாற்றம்.

இந்த முறைக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்ட் கொஃபார் என்ற பண்ணையாளர் சோளத்தைக் குழியில் மூடிவைத்து வருடக்கணக்காகப் பரிசோதித்து, 1877இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பின்லாந்தின் இரசாயனவியலாளர் ஆர்த்துரி விர்த்தனன், பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கும் வரை காத்திருக்காமல் புல்லின் மீது நேரடியாக ஐதான அமிலத்தை ஊற்றிப் பீ.எச்சை 4க்குக் கீழே கொண்டுவந்தார். நீண்ட பனிக்காலத்திலும் மாடுகள் நல்ல பால் கொடுத்தன. 1945இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக் குறிப்பில் தீவனத்தைப் பதப்படுத்தும் முறை என்றே எழுதியிருக்கிறார்கள். மாட்டுத் தீவனத்துக்கு நோபல் பரிசா என்று சிரிக்கிறவர்கள் நம் ஊரில் இருப்பார்கள். ஆறு மாதம் புல்லே முளைக்காத நாட்டுக்காரர்களுக்கு அது சிரிப்பான விடயமாக இருந்திருக்காது.

தண்ணீர், சீனி, காற்று

செங்கலடியில் என் மாமா ஒருவர் வீட்டோடு இரண்டு கலப்பினப் பசுக்களை வைத்திருக்கிறார். அவர் சைலேஜ் செய்வது நீல நிறப் பிளாஸ்டிக் பரல்களில். நான் போயிருந்த நேரம் ஒரு பரலைத் திறந்து கையில் ஒரு பிடி எடுத்துத் தந்தார்.

“மணந்து பாருங்க மருமகன். நாறுதா?”

நாறவில்லை. பழுத்த பழமும் தயிரும் கலந்ததுபோல ஒரு புளிப்பு மணம். நிறம் ஒலிவ் பச்சை, கொஞ்சம் மஞ்சள். புல்லின் நரம்பு, இலை விளிம்பு எல்லாம் வெட்டியபடியே தெரிந்தன. அடைத்து எழுபது நாள் என்றார். நான் நகரத்து ஆள், எழுபது நாள் பழைய புல் என்றால் குப்பைமேடுதான் மனதில் வரும். பசு பரலுக்கு மேலாகவே தலையை நீட்டிவிட்டது.

அவரிடம் கேட்டு அறிந்ததையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொன்னால், இதில் பார்க்க வேண்டியவை தண்ணீர், சீனி, காற்று. இவை சரியாக இருந்தால் பற்றீரியாக்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் விடயத்தில்தான் நம் நாட்டில் அதிகம் பிழைக்கிறது. இங்கு பண்ணையாளர்கள் பரவலாக வளர்ப்பது கோ-3 என்ற புல். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய இனம். பெயரிலுள்ள ‘கோ’ அந்த ஊர்தான். வேகமாக வளரும், நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். ஆனால், வெட்டும்போது அதில் நூற்றுக்கு எண்பது வீதத்துக்கு மேல் தண்ணீர். அப்படியே அடைத்தால் அமிலம் நீர்த்துப்போகும், சாறு அடியில் தேங்கும், குளோஸ்ட்ரிடியாவுக்குக் கொண்டாட்டம். அரை நாளோ ஒரு நாளோ நிழலில் வாடவிட்டால் ஈரம் எழுபது வீதத்தை அண்டி வரும். அளக்கக் கருவி தேவையில்லை. வெட்டிய புல்லை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையை விரிக்க வேண்டும். விரலிடையில் சாறு வடிந்தால் ஈரம் அதிகம். உருண்டை உடனே சிதறினால் காய்ந்துவிட்டது. மெதுவாக விரிந்தால் சரி.

அடுத்தது சீனி. சோளத்தில் பற்றீரியாக்களுக்குத் தேவையான சீனி தாராளமாக இருக்கிறது. கதிரில் பால் வற்றி, நகத்தால் கீறினால் மணி மாவாக வரும் பருவத்தில் செடியோடு வெட்டினால் ஈரமும் சரியாக இருக்கும். அனுராதபுரம், மொனராகலைப் பக்கங்களில் சோளத்தை இப்படிச் சைலேஜாக்கி உறைகளில் விற்பது இப்போது ஒரு தொழிலாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். வெப்பநாட்டுப் புற்களில் சீனி குறைவு. கோ-3க்கு, நூறு கிலோவுக்கு மூன்று நான்கு கிலோ மொலாசஸை அதேயளவு தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். மொலாசஸ் என்பது சீனி ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு. பெல்வத்தை, செவனகல, ஹிங்குராணை ஆலைகளில் அது கிடைக்கிறது. ஆனால், மதுசாரம் வடிக்கவும் அதே பாகுதான் தேவை. சிறு பண்ணையாளருக்கு ஒரு கலன் வாங்குவதே பெரும்பாடு. இல்லாத இடத்தில் சோளமாவையோ தவிட்டையோ கலக்கிறார்கள். அவை ஈரத்தையும் உறிஞ்சும். கிளிசரியா, முருங்கை போன்ற புரதம் கூடிய இலைகளைத் தனியே அடைத்தால் அவ்வளவாகச் சரிவராது. அவை அமிலத்தை எதிர்த்து நிற்கும், பீ.எச் இறங்காது. புல்லோடு கொஞ்சமாகக் கலந்தால் பரவாயில்லை.

கடைசியில் காற்று. ஓரிரண்டு சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டி, அரையடி போட்டு மிதித்து, மறுபடி அரையடி போட்டு மிதித்து, இடைவெளியே இல்லாமல் அடைக்க வேண்டும். கோ-3இன் தண்டு தடித்தது, குழல் போன்றது. நீளமாக வெட்டினால் ஒவ்வொரு தண்டுக்குள்ளும் காற்று ஒளிந்திருக்கும். மாமா வீட்டில் மிதிப்பது அவருடைய இரண்டு மகன்மாரின் வேலை. மிதித்தது போதும் என்று அவர்கள் சொல்லும்போது இன்னும் பத்து நிமிடம் மிதிக்கச் சொல்வது மாமியின் வேலை. அதே நாளில் அடைத்து அதே நாளில் மூடிவிட வேண்டும். மூடியபின் நாற்பது நாள் தொடக்கூடாது.

திறந்த பிறகுதான் நம் காலநிலையின் தொல்லை. காற்றுப் பட்டதும், அதுவரை உறங்கிய ஈஸ்ட் விழித்து லக்டிக் அமிலத்தையே தின்னத் தொடங்கும். அமிலம் குறையும், புல் சூடாகும், பிறகு பூஞ்சணம். குளிர்நாட்டில் சில நாள் தாங்குவது முப்பது பாகை வெயிலில் ஒரு நாளிலேயே போய்விடும். அதனால் பெரிய குழியைவிட, திறந்தால் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் சிறு பரலும் உறையும் நமக்குப் பொருத்தம்.

பூஞ்சணம் பிடித்த பகுதியைப் பழுதில்லை என்று மாட்டுக்குப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில பூஞ்சணங்கள் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். மாடு அதைத் தின்றால் அதன் ஒரு வடிவம் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. செங்கலடியில் எறியாமல் விட்ட ஒரு பிடி தீவனம் கொழும்பில் ஒரு பிள்ளையின் கோப்பைக்கு வரலாம் என்பதால், நகரத்தில் இருப்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

பற்றீரியாவை விலைக்கு வாங்க வேண்டுமா?

லக்டிக் அமிலப் பற்றீரியாக்களை உலர்த்திப் பொடியாக்கிப் பொதியில் விற்கிறார்கள். தண்ணீரில் கரைத்து, ஒரு கிராம் புல்லுக்கு ஒரு இலட்சம் பற்றீரியாக்கள் என்ற கணக்கில் தெளிக்க வேண்டும். இயற்கையாக ஒட்டியிருப்பவை எந்த வகை என்று நமக்குத் தெரியாது. வேகமாக அமிலம் தரும் வகையைப் பெருந்தொகையாக இறக்கினால் போட்டி தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம். இன்னொரு வகைப் பொதி, லக்டோபசிலஸ் புக்னேரி. இது மெதுவானது, லக்டிக் அமிலத்தின் ஒரு பகுதியை அசெற்றிக் அமிலமாக, அதாவது வினாகிரியின் அமிலமாக மாற்றும். சத்தில் சிறிது நட்டம், ஆனால் அசெற்றிக் அமிலம் ஈஸ்டை அடக்கும். திறந்த பிறகு தீவனம் கூடுதல் நேரம் தாங்கும்.

என் அபிப்பிராயம், இரண்டு மாடு வைத்திருப்பவர் பணத்தை முதலில் மொலாசஸுக்கும் நல்ல உறைக்கும் செலவிட வேண்டும். சீனி இல்லாத புல்லில் எத்தனை கோடி பற்றீரியாவை இறக்கினாலும் அவை தின்ன எதுவும் இல்லை. தொன் கணக்கில் செய்து, ஒரு பெரிய குவியலைப் பல நாள் திறந்து வைத்திருக்கும் பண்ணைகளுக்குப் புக்னேரி வகைப் பொதி பிரயோசனப்படும். வாங்க முடியாதவர்களுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு எளிய வழியைக் காட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் புல்லைத் தண்ணீரோடு அரைத்து வடித்து, அந்தச் சாற்றில் சீனி போட்டு, மூடிய போத்தலில் இரண்டு நாள் வைத்தால், அந்தப் புல்லுக்குரிய லக்டிக் அமிலப் பற்றீரியாக்களே அதில் பெருகிவிடும். அதைத் தெளிக்கலாம். புது மாவைப் புளிக்கவைக்கப் பழைய மாவில் ஒரு கரண்டியை விட்டுவைக்கும் அதே புத்தி.

தின்ற பிறகு என்ன? புளித்த புல் மாட்டின் வயிற்றைப் புண்ணாக்காதா என்று பலர் பயப்படுகிறார்கள். மாட்டின் உமிழ்நீர் ஒரு நாளைக்குப் பல பத்து லீற்றர் சுரக்கும். அதிலுள்ள பைகாபனேற்று அமிலத்தைத் தணித்துவிடும். அதோடு மாட்டின் முதல் வயிறே ஒரு நொதிக்கும் தொட்டிதான். அங்கேயுள்ள பற்றீரியாக்கள் லக்டிக் அமிலத்தைப் புரொப்பியோனிக் அமிலமாக்கும், ஈரல் அதைக் குளுக்கோசாக்கும், மடி அதைப் பாலிலுள்ள சீனியாக்கும். ஒரு வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பால் கறந்த பிறகு கொடுத்தால் மணம் பாலில் ஏறாது.

மாடு வந்தது, புல் வரவில்லை

2017இலும் 2018இலும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து ஏறத்தாழ 5000 கறவை மாடுகள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. 20,000 மாடுகள் கொண்டுவரும் திட்டத்தின் முதற்கட்டம் அது. கடன் எடுத்து வாங்கிய பண்ணையாளர்கள் பலர், மாடுகள் நோயாலும் பலவீனத்தாலும் செத்துப்போவதாகவும், சொல்லப்பட்ட அளவுக்குப் பால் கிடைக்கவில்லை என்றும் முறையிட்டார்கள். காரணங்கள் பல. அதில் ஒன்றைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நாளொன்றுக்கு இருபது லீற்றர் கறக்கும் ஒரு பசுவுக்கு, தவிடு புண்ணாக்கு தவிர, ஐம்பது கிலோவுக்கு மேல் நல்ல பசும்புல் வேண்டும். வருடத்தின் எல்லா நாளும் வேண்டும். பசுவைக் கப்பலில் கொண்டுவரலாம், அதன் ஓகஸ்ட் மாதச் சாப்பாட்டை இங்கேதான் உண்டாக்க வேண்டும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் செத்து விழுந்ததையும் மறந்திருக்க மாட்டோம். கொன்றது குளிர்தான். ஆனால், மாட்டுக்கு உடற்சூட்டின் ஒரு பங்கு அதன் வயிற்றுக்குள் நொதிக்கும் தீவனத்திலிருந்து வருகிறது. வறட்சி முழுவதும் மெலிந்து, தோலுக்கடியில் கொழுப்பில்லாமல் மழைக்காலத்துக்குள் வரும் மாட்டால் குளிரைத் தாங்குவது கடினம். வெறும் வயிற்றோடு நின்றவை முதலில் விழுந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னால், “அப்படியென்றால் மேய்ச்சல் தரை எதற்கு, எல்லோரும் சைலேஜ் செய்யட்டும்” என்று கொழும்பில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் இருக்கின்றன. பெரும்போகத்தில் வயல்களில் நெல் நிற்கும்போது மாடுகளை அங்கே கொண்டுபோவதும் அறுவடைக்குப் பிறகு திருப்பி ஓட்டிவருவதும் அங்குள்ள பண்ணையாளரின் நீண்டகால வழக்கம். அந்தத் தரைகளில் வெளிமாவட்டத்தவர்கள் காடழித்துச் சோளச் சேனை செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள்.

சைலேஜ் அந்த மேய்ச்சல் தரைக்கு ஈடாகுமா? அங்கே ஒரு பட்டியில் நூறு நாட்டு மாடு இருப்பது சாதாரணம். சிறிய மாடுதான், இருநூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்து கிலோ உலர்நிறைத் தீவனம் வேண்டும், சைலேஜாகப் பார்த்தால் பதினாறு கிலோ. நூறு மாட்டுக்கு நாலு மாதத்துக்கு ஏறத்தாழ 190 தொன். நாற்பது கிலோ உறையில் அடைத்தால் 4800 உறை. அந்தப் பசு ஒரு நாளைக்குக் கறப்பது ஒன்று இரண்டு லீற்றர். எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. அந்த மாடுகளின் பால் மலிவாக வருவதே புல்லுக்குப் பணம் கொடுக்காததால்தான். மேய்ச்சல் தரையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சைலேஜைக் காட்டுவது நேர்மையில்லாத பேச்சு.

மாமாவின் கணக்கு வேறு. இரண்டு கலப்பினப் பசு, ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பதினைந்து கிலோ சைலேஜ், மிச்சம் வைக்கோலும் புண்ணாக்கும். நாலு மாதத்துக்கு 3600 கிலோ, நாற்பது கிலோ உறையில் தொண்ணூறு. குடும்பமாக நின்றால் முடிக்கக்கூடிய வேலை. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இரண்டு மூன்று பசு கட்டி வளர்க்கும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும், அவற்றில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும், இந்தக் கணக்கு பொருந்தும். அவர்களுக்குத் தடையாக இருப்பது மொலாசஸும் புல் வெட்டும் இயந்திரமும்தான். கையால் வெட்டி ஓரிரண்டு சென்றிமீற்றர் துண்டாக்கி 3600 கிலோ சேர்ப்பது நடக்காது. இயந்திரத்தை ஒரு வீடு தனியே வாங்குவதும் கட்டுப்படியாகாது. ஊரிலுள்ள பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை வாங்கி, வெட்டு நாட்களில் வீடு வீடாகச் சுற்றவிடலாம். நவம்பர் டிசம்பரில் வெட்டி அடைத்தால் ஜூனில் திறக்கலாம்.

மாமாவின் பரல்கள் ஆறுதான். மிச்சத்துக்கு உறை வேண்டும், செங்கலடியில் கிடைப்பது மெல்லியது, எலி ஒரு ஓட்டை போட்டால் முழு உறையும் பழுது என்கிறார். புறக்கோட்டையில் தடித்த கறுப்புப் பொலித்தீன் உறை என்ன விலை என்று பார்த்துச் சொல்லும்படி போன கிழமை தொலைபேசியில் கேட்டார். இரண்டு கடையில் விசாரித்திருக்கிறேன். மூன்றாவதில் நாளை மாதிரி காட்டுவதாகச் சொன்னார்கள்.